பொது நூலகம் எனும் தகுதி

நூல்களைத் தொகுத்து வைத்த இடமெல்லாம் பொது நூலகம் ஆகிவிடாது. அத்தகுதி சட்டத்தால் வரையறுக்கப்படுவது. சீ. இரா. அரங்கநாதனார் பன்னாள் உழைத்ததன் பயனாக, 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது; 1950இல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் பொது நூலகங்களை மூவகையாகக் கொள்கின்றது. நூலக ஆணைக்குழு நிறுவி நடத்துவன முதல்வகை. அரசோ உள்ளாட்சி மன்றமோ நடத்திவர, பொது நூலகமென அரசு அறிவித்தவை இரண்டாம் வகை. உதவி பெறத் தக்கவை என நூலக இயக்குநர் அறிவித்தவை மூன்றாம் வகை. சங்கங்கள் நடத்தும் நூலகங்கள் இம்மூன்றாம் வகையிலேயே இடம்பெறக் கூடும். அவ்வறிவிப்புப் பெறாத நூலகம், அரிய சுவடிகள் பல உடையதாயினும், இச்சட்டத்தின்வழி உதவித்தொகை பெற இயலாது.

உதவித்தொகைக்கு ஊற்று யாது? சொத்து வரி அல்லது வீட்டு வரியின்மீது ரூபாய்க்கு 6 பை, அஃதாவது அரையணா, நூலக வரியாகத் தொடக்கத்தில் விதிக்கப்பெற்றது. பின்னர் அது 10 காசாக உயர்ந்தது. சென்னை மாநகர் நீங்கலாக, திரண்ட வரிக்குக் குறையாத தொகையை அரசும் அளித்தல் வேண்டுமென மூலச்சட்டம் விதித்தது.

காஞ்சிபுரத்தில் இதன் பொருள் தெளிவாக விளங்கும். அங்கே பட்டு நெசவாளர் பலர்க்கு வீடே தறிக்கூடம். அவ்வீட்டிற்கு வரி செலுத்துவோர் நூலக வரியும் உடன் செலுத்துகின்றனர். ஆதலின் நூலகம் அவர்க்குக் கொடையன்று, உரிமை. தகுதியை ஆய்வோர் நூற்தொகையை மட்டும் எண்ணுதல் போதாது. தறி ஓய்ந்த மாலைப் பொழுதில் நூலகக் கதவு திறந்திருக்கின்றதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.