தில்லியின் குரங்கு மனிதன்: விசுவாசி கேட்கவேண்டிய கேள்விகள்

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் சூரத்திலும் குடியேறியிருக்கிற நம்முடைய குடும்பங்களில் எப்போதாவது இப்படிப்பட்ட ஒரு பேச்சு எழும்பத்தான் செய்கிறது. “அந்தத் தெருவில் இரவில் ஏதோ ஒன்று வருகிறதாம். பார்த்தால் மனுஷனைப்போல் இருக்கிறதாம். ஆனால் மனுஷன் இல்லையாம்.” அன்று முதல் பிள்ளைகள் தனியே பின்கட்டுக்குப் போகவும் அஞ்சுகிறார்கள். சிலர் அதைக் கேட்டு நகைத்துவிடுகிறார்கள். சிலரோ அது பிசாசின் கிரியைதான் என்று உடனே தீர்த்துவிடுகிறார்கள். நகைக்கிறவரும் விசாரிக்கவில்லை, தீர்க்கிறவரும் விசாரிக்கவில்லை. காரியத்தைக் கேட்குமுன் உத்தரவு சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும் என்று ஞானி எச்சரித்திருக்கிறாரே (நீதி. 18:13). ஆகையால், இந்தத் தேசத்தின் தலைநகரில் உண்மையாய் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, இத்தகைய செய்திகளை நாம் எவ்விதம் சோதித்தறிவது என்று சிந்திப்போம்.

2001 மே மாதம் நடந்தது என்ன?

தில்லியை அடுத்த காசியாபாத்தில் தொடங்கிய பேச்சு அது. சில நாட்களுக்குள் யமுனைக்கு அக்கரையிலுள்ள கிழக்கு தில்லி முழுவதும் பரவியது. இருட்டில் வீட்டுக்கு வீடு தாவுகிற ஒரு உருவம், உறங்குகிறவர்களைக் கீறிவிட்டு மறைந்துவிடுகிறது என்றார்கள். ‘காலா பந்தர்’, அதாவது கறுப்புக் குரங்கு என்றும், குரங்கு மனிதன் என்றும் அதற்குப் பெயரிட்டார்கள். நான்கு அடி உயரம், உடம்பெல்லாம் கறுத்த ரோமம் என்று ஒருவர் சொன்னார். தலைக்கவசம், இரும்பு நகங்கள், சிவந்து எரிகிற கண்கள் என்று மற்றொருவர் சொன்னார். மார்பில் பொத்தான்கள் இருந்தன, அவற்றை அழுத்தியதும் மாயமாய் மறைந்தது என்று சொன்னவர்களும் உண்டு.

காவல்துறைக்கு நூற்றுக்கணக்கான புகார்கள் வந்து குவிந்தன. ஆயிரக்கணக்கான காவலர்கள் இரவு ரோந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பார்த்ததாகச் சொன்னவர்களின் வாக்கை வைத்து ஓவியங்கள் வரைந்து வெளியிடப்பட்டன. தகவல் தருபவருக்கு 50,000 ரூபாய் வெகுமதி அறிவிக்கப்பட்டது. ஆனாலும் ஒரு ரோமமோ ஒரு நகமோ யார் கையிலும் சிக்கவில்லை. மரணமோ மெய்யாகவே நேர்ந்தது. “வந்துவிட்டது” என்ற கூக்குரல் கேட்டுத் திடுக்கிட்டு ஓடியதில், மாடியிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் விழுந்து குறைந்தது இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் கர்ப்பவதி. அவர்களைக் கொன்றது குரங்கு மனிதன் அல்ல. குரங்கு மனிதனைப்பற்றிய பயம்.

விசாரித்தவர்கள் கண்டது

அந்த மே மாதத்தை நினைத்துப்பாருங்கள். தில்லியின் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கூடவே, இரவில் மணிக்கணக்காக மின்வெட்டு. மின்விசிறி ஓடாத சிறிய அறைகளில் படுக்கக்கூடாமல், ஜனங்கள் குடும்பம் குடும்பமாக மொட்டைமாடிகளில் படுத்திருந்தார்கள். அரைத்தூக்கம், இருட்டு, அடுத்த மாடியில் யாரோ நடக்கிற சத்தம். பகலெல்லாம் அந்த உருவத்தைப்பற்றிய பேச்சு. செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் அதே செய்தி. இந்நிலையில் ஒருவர் அலறினால், அந்தத் தெரு முழுவதும் அலறுவதில் வியப்பென்ன?

காவல்துறையோடு தடய அறிவியல் நிபுணர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து, பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலான காயங்கள் மேலோட்டமான கீறல்களே. எலி, பூனை முதலிய பிராணிகளாலோ, பயந்து ஓடுகையில் இடித்துக்கொண்டதாலோ உண்டாகக்கூடியவை அவை. அப்படிப்பட்ட ஒரு பிராணி இருந்ததற்கு அத்தாட்சி கிடைக்கவில்லை என்றும், கூட்டமாய்ப் பற்றிக்கொண்ட பீதியே காரணம் என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். காவல்துறையை ஏமாற்றப் பொய்ப் புகார் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

அப்படியானால் எல்லாரும் பொய் சொன்னார்களா? இல்லை. பெரும்பாலோர் தாங்கள் கண்டதாக மெய்யாகவே நம்பினார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

நம் கண்களும் நம் உறக்கமும்

முதலாவது, தில்லியில் நிஜக் குரங்குகளுக்குக் குறைவில்லை. 2007-ஆம் ஆண்டில் அந்நகரத்தின் துணை மேயரே, தம் வீட்டில் குரங்குகளை விரட்டும்போது மாடியிலிருந்து விழுந்து மரித்தார். இருட்டில் ஒரு குரங்கின் நிழல் எவ்வளவு பெரிதாய்த் தோன்றும் என்பதை மாடியில் படுத்தவர்கள் அறிவார்கள்.

இரண்டாவது, மனுஷ முகத்தைத் தேடுவது நம்முடைய கண்களின் இயல்பு. விசாகப்பட்டினத்தில் எடுக்கப்பட்டது என்று 2017-இல் பரவிய ஒரு காணொளியில், வெளிறிய முகமும் கறுத்த கண்களுமாய் மூன்று உருவங்கள் நிமிர்ந்து நின்றன. வேற்றுக்கிரக வாசிகள் என்று அநேகர் நடுங்கினார்கள். அவை சிறகு முளைக்காத கூகைக் குஞ்சுகள்!

மூன்றாவது, உறக்கம். ஊரில் நம்முடைய பாட்டிமார் ‘அமுக்குவான்’ என்று சொல்லுவார்களே, அந்த அனுபவம் உங்களில் சிலருக்கு நேர்ந்திருக்கும். கண் திறந்திருக்கிறது, அறை தெரிகிறது, கை கால் அசையவில்லை. மார்பின்மேல் பாரம். அருகில் யாரோ நிற்பதுபோல் ஒரு நிச்சயம். மருத்துவர்கள் இதை உறக்க வாதம் என்கிறார்கள். நாம் கனவு காணும் வேளையில், கனவிலே ஓடுகிறவன் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவிடாதபடி, மூளை நம்முடைய தசைகளைத் தற்காலிகமாகக் கட்டிவைக்கிறது. அந்தக் கட்டு அவிழுமுன் விழிப்பு வந்துவிட்டால், கண் விழித்திருக்கக் கனவும் தொடர்கிறது. சில விநாடிகளிலோ ஓரிரு நிமிஷங்களிலோ அது நீங்கிவிடும். உறக்கம் குறைந்தவர்களுக்கும், இரவுப் பணியும் பகற்பணியும் மாறிமாறிப் பார்க்கிறவர்களுக்கும், மனப்பாரம் மிகுந்தவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகமாய் நேருகிறது. ஆலையிலும் காவற்பணியிலும் இரவெல்லாம் விழித்திருக்கிற நம்முடைய சகோதரர் இதை அறிந்திருப்பது நல்லது. அந்த வேளையில் நாவு அசையாமல் உள்ளத்திலே கர்த்தருடைய நாமத்தைச் சொல்லி அமைதியடைந்தவர்கள் நம்மில் உண்டு. அந்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்கிறார். ஆனால் அது அடிக்கடி நேருமானால், அந்தச் சகோதரனுக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று சபையிலே சொல்லி அவரை நொறுக்கவேண்டாம். அவருடைய உறக்கத்தை ஒழுங்குபடுத்த உதவுங்கள். மருத்துவரிடத்தில் அழைத்துச் செல்லுங்கள்.

பழைய உருவம், புதிய வேஷம்

இன்னொன்றையும் கவனியுங்கள். தில்லிக்கு 163 ஆண்டுகளுக்கு முன்பே, இலண்டன் மாநகரம் இதைப்போன்ற பயத்தால் கலங்கியது. எரிகிற கண்களும் இரும்பு நகங்களும் உடையவனாய், மதில்களைத் தாவிக் கடக்கிற ஒருவன் பெண்களைத் தாக்குகிறான் என்று பேச்சு. 1838 ஜனவரியில் அந்நகர மேயரே அதைக்குறித்து வந்த புகார்க் கடிதத்தைப் பகிரங்கமாக வெளியிட்டார். பத்திரிகைகள் அவனுக்குச் சூட்டிய பெயர் ‘ஸ்பிரிங் ஹீல்டு ஜாக்’, அதாவது குதிகாலில் சுருள்வில் பூட்டியவன். கடைசிவரை அவன் பிடிபடவில்லை.

தில்லிச் சம்பவத்துக்கு அடுத்த ஆண்டு, 2002-இல், வறட்சியால் வாடிய உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ‘முஹ்நோச்வா’ என்ற பயம் எழும்பியது. முகத்தைக் கீறுகிறவன் என்பது அதன் பொருள். அங்கே அது ஒளி வீசிப் பறந்து வந்ததாம். சிலர் பூச்சி என்றார்கள்; சிலர் பந்து மின்னல் என்றார்கள்; சிலர் அந்நிய நாட்டு இயந்திரம் என்றார்கள்.

வண்டிகளின் காலத்து இலண்டனில் அவனுக்குச் சுருள்வில். கணினியின் காலத்துத் தில்லியில் பொத்தான். மனுஷன் தன் காலத்தில் எதைக் கண்டு மலைக்கிறானோ, அதையே தன் பயத்துக்கு உடுத்திவிடுகிறான்.

அடிபட்டவர்கள் யார்?

பிரியமானவர்களே, இக்கட்டுரையின் பாரம் இங்கேதான் இருக்கிறது. குரங்கு மனிதன் யாருக்கும் அகப்படவில்லை. ஆனால் அவனைத் தேடிய கூட்டத்தின் கையில் மனுஷர் அகப்பட்டார்கள். ஏறக்குறைய நான்கடி உயரமுள்ள ஒரு நாடோடிச் சாமியாரை, “இவன்தான் அவன்” என்று சொல்லி அடித்தார்கள். வேன் ஓட்டி வந்த ஒருவரும் அப்படியே தாக்கப்பட்டார். ஒருவர் செய்த குற்றம் குள்ளமாயிருந்தது. மற்றவர் செய்த குற்றம் தவறான நேரத்தில் அந்தத் தெருவில் வந்தது.

2017-இல் தில்லியிலும் அரியானாவிலும் ராஜஸ்தானிலும், உறங்குகிற பெண்களின் பின்னலை ஏதோ ஒன்று வெட்டிவிடுகிறது என்ற பீதி பரவியது. அப்போது ஆக்ரா அருகே, அதிகாலையில் இயற்கை உபாதைக்காக வெளியே போன ஒரு தலித் மூதாட்டியைச் சூனியக்காரி என்று அடித்துக் கொன்றார்கள். 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்ற வதந்தி கைப்பேசிகளில் ஓடியது. அந்த மே மாதத்தில், ராஜஸ்தானிலிருந்து வேலை தேடி வந்த ஒரு வாலிபன் பெங்களூரில் கூட்டத்தாரால் கொல்லப்பட்டான். அதே மாதத்தில் நம்முடைய தமிழ்நாட்டிலேயே, திருவண்ணாமலை மாவட்டத்தில், வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டி கொல்லப்பட்டார். அவர் சென்னையிலிருந்து உறவினருடன் கோயிலுக்கு வந்தவர்.

இவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பாருங்கள். உயரத்தில் வேறுபட்டவர், வெளியூரார், வேற்று மொழிக்காரர், தனியே நடந்த முதியவர். கூட்டத்தின் பயம் தேடுவது அந்நியனையே. வடநாட்டு நகரத்தில், இரவுப் பணி முடிந்து, அவ்வூர்ப் பாஷை சரியாய்ப் பேச வராமல், இருட்டில் வீடு திரும்புகிற அந்நியன் யார்? உங்கள் கணவர்; உங்கள் மகன்; உங்கள் சபையின் வாலிபன். ஆகவே வதந்தியைப் பரப்புகிறவர் தம்முடைய வீட்டாருக்கே வெட்டப்படுகிற குழிக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுக்கிறார்.

அப்படியானால் பிசாசு இல்லையா?

உண்டு. வேதம் சொல்லுகிறது, நாம் விசுவாசிக்கிறோம். ஆனால், உண்டு என்று விசுவாசிக்கிற நமக்குத்தான் சோதித்தறியும் கடமை அதிகமாய் இருக்கிறது. எந்த ஆவியையும் அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்க்கும்படி யோவான் எழுதியது விசுவாசிகளுக்கே (1 யோவா. 4:1). கள்ள நோட்டு உண்டென்று அறிந்த வியாபாரி, வருகிற ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான் அல்லவா?

கடலின்மேல் நடந்துவந்த ஒருவரைக் கண்டு, ஆவேசம் என்று அலறினவர்கள் புறஜாதியார் அல்ல, சீஷர்கள் (மத். 14:26). இரவு, புயல், களைப்பு. மொட்டைமாடியில் இருந்தவை யாவும் அந்தப் படவிலும் இருந்தன. அவர்கள் ஆவேசம் என்று எண்ணினது தங்கள் ஆண்டவரையே! உயிர்த்தெழுந்தபின்னும் அவரை ஓர் ஆவி என்று கலங்கினார்கள். அப்போது அவர் அவர்களைக் கடிந்து ஒதுக்கவில்லை, தம் கைகளையும் கால்களையும் காட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார் (லூக். 24:39). சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மெலித்தா தீவாரையும் நினையுங்கள். பாம்பு கவ்வினதைக் கண்டு பவுலைக் கொலைபாதகன் என்றார்கள், அவர் சாகாததைக் கண்டு தேவன் என்றார்கள் (அப். 28:3-6). சில நாழிகைக்குள் இரண்டு தீர்ப்பு, இரண்டும் பிழை. பொய்ச்செய்தியை ஏற்றுக்கொள்ளாமலும், தீமை செய்யத் திரளானபேரைப் பின்பற்றாமலும் இருக்கும்படி நியாயப்பிரமாணம் கட்டளையிடுகிறது (யாத். 23:1-2). பொய்க்குப் பிதா யார் என்பதை நாம் அறிவோம். குரங்கு மனிதன் பிசாசாய் இருந்தானோ என்று கேட்பதைப்பார்க்கிலும், ஒரு குள்ள மனிதனை அடிக்கக் கூட்டத்தை ஏவின ஆவி எது என்று கேளுங்கள். சத்துருவின் கைவேலை அங்கே தெளிவாய்த் தெரியும்.

உங்கள் வீட்டில், உங்கள் சபையில்

இத்தகைய பேச்சு உங்கள் காதில் விழும்போது, முதலாவது, “பார்த்தவர் யார்? நீங்களா, உங்களுக்குச் சொன்னவரா?” என்று சாந்தமாய்க் கேளுங்கள். பெரும்பாலும் செய்தி அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது, கைப்பேசியில் வந்ததை மற்றவருக்கு அனுப்பாதிருங்கள். பிள்ளைகள் முன் அதைப் பேசாதிருங்கள். மூன்றாவது, பயந்தவரைப் பரிகசியாமல் அவரோடு ஜெபியுங்கள். ஜெபித்தபின் விளக்கைப் போட்டு மாடியையும் பாருங்கள். நான்காவது, தெருவில் ஒருவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டால், உடனே காவல்துறையை 112 என்ற எண்ணில் அழையுங்கள். அந்த ஒரு அழைப்பு ஓர் உயிரைத் தப்புவிக்கக்கூடும்.

ஜனங்கள் பயப்படுகிறதற்கெல்லாம் பயப்படாமல், கர்த்தரையே நமக்குப் பயமாகக் கொள்ளும்படி ஏசாயா அழைக்கிறார் (ஏசா. 8:12-13). அவருக்குப் பயந்த வீட்டில் பிள்ளைகள் நிம்மதியாய் உறங்குவார்கள்; வாசலில் வந்து நிற்கிற அந்நியனுக்கும் தண்ணீர் கிடைக்கும். அப்படிப்பட்ட வீடாக உங்கள் வீட்டைக் கர்த்தர்தாமே காத்துக்கொள்வாராக. ஆமென்.