நிலவு நாளில் மின்மினி

கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறி மின்மினி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பௌர்ணமியைத் தவிர்ப்பார்கள். சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் அன்றும் மின்மினிகள் இருக்கத்தான் செய்யும். இருட்டில் பளிச்சென்று தெரியும் வெளிச்சம் நிலவொளியில் கரைந்துவிடும். மேமோகிராம் அறிக்கையில் 'மார்பகம் அடர்த்தியானது' என்று படித்துவிட்டுக் கலங்கி நிற்கும் நம் பெண்களுக்கு இதைச் சொல்லித்தான் விளக்கத் தோன்றுகிறது.

மேமோகிராம் என்பது மார்பகத்தின் எக்ஸ்ரே படம். கொழுப்பு கறுப்பாகவும், பால் சுரப்பியும் நார்த்திசுவும் வெள்ளையாகவும் அந்தப் படத்தில் விழும். கட்டியும் வெள்ளைதான். வெள்ளை கூடுதலாக உள்ள மார்பகத்தில் சிறு கட்டியைத் தேடுவது நிலவொளியில் மின்மினியைத் தேடுவது மாதிரி. அடர்த்தியை ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்துகிறார்கள். சி, டி இரண்டும் அடர்த்தியானவை. 40 வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இவற்றில் அடங்குவர். ஆசியப் பெண்களிடம் அடர்த்தி இன்னும் அதிகம். மார்பகத்தின் அளவை வைத்தோ தொட்டுப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

"புத்துநோய்னு சொல்றாங்களா?"

முதலில் வருவது பயம். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். மகள் படித்துப் பார்த்து, பாதி புரிந்து, அம்மாவிடம் முழுதும் சொல்லாமல் விடுவாள். மகன் படிக்க நேர்ந்தால் இருவருக்கும் கூச்சம். அம்மாவோ அன்றிரவே தன் நகைகளை யாருக்கு எது என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டிருப்பாள்.

அடர்த்தி ஒரு நோய் இல்லை. அதனால் ஆபத்து சற்றுக் கூடுகிறது என்பதும் உண்மை. டி வகையினருக்கு, சராசரி அடர்த்தி உள்ளவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பயம் வரும், அல்லது அலட்சியம் வரும்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் வருத்துகிறது. விடியுமுன் பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் மரம் வெட்டப் போன தலைமுறை இது. 'பிள்ளைக்கு ஒழுங்கா பால் குடுக்கல, அதான்' என்று தன்னையே நொந்துகொள்ளும் மனம் அவர்களுக்கு எளிதில் வாய்த்துவிடுகிறது. அம்மா, பாட்டியிடமிருந்து நிறமும் உயரமும் வருவதைப் போல அடர்த்தியும் பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது. ஒல்லியானவர்களுக்கும் இளம் வயதினருக்கும் அதிகம். மாதவிடாய் நின்றபின் குறையும். ஹார்மோன் மாத்திரை எடுத்தால் கூடலாம். இதில் குற்றவாளி யாரும் இல்லை.

"இத்தனை வருசம் ஏன் சொல்லல?"

கோபமும் வரும், அது நியாயமானதும்கூட. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நான்சி கப்பெல்லோ ஆண்டு தவறாமல் மேமோகிராம் எடுத்தவர். ஒவ்வொரு முறையும் 'ஒன்றுமில்லை' என்ற பதில். 2004இல் புற்றுநோய் தெரிந்தபோது மூன்றாம் கட்டம். தம் மார்பகம் அடர்த்தியானது என்பதையே அப்போதுதான் அறிந்தார். அவர் விடாமல் போராடியதால் 2009இல் அந்த மாநிலம் பெண்களுக்கு இதைத் தெரிவிக்கச் சட்டம் போட்டது. 2018இல் அவர் காலமானார். 2024 செப்டம்பர் 10 முதல் அமெரிக்கா முழுவதும் இது கட்டாயம்.

ஆனால் இதைக் கடிதத்தில் தெரிவித்தால் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் செய்த ஆய்வில், அடர்த்தி பற்றித் தெரிவிக்கப்பட்ட பெண்களிடம் பதற்றமும் குழப்பமும் கூடியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் மொழியில் விளக்க ஓர் ஆள் வேண்டும். தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸி (தாதி) பத்து நிமிடம் பேசினாலே பல இரவுகளின் தூக்கம் திரும்பிவிடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

எனக்கு சியா, டியா? எனக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தேவையா? அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். மேமோகிராமில் மறைந்த கட்டியை ஸ்கேன் காட்டக்கூடும். சாதாரணக் கட்டியையும் சந்தேகப்பட்டு ஊசியால் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னாலே நோய் உறுதி என்று எண்ண வேண்டாம். டி வகைப் பெண்களுக்கு எம்ஆர்ஐ ஸ்கேனும் சேர்த்து எடுக்க வாய்ப்பளித்தபோது, இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே வெளிப்படும் புற்றுநோய் பாதியாகக் குறைந்ததை 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. செலவு அதிகம் என்பதால் எம்ஆர்ஐ எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

'மறைச்சிடும்னா எதுக்கு மேமோகிராம்?' என்று நின்றுவிடுவதுதான் எனக்குள்ள பெரிய கவலை. அடர்த்தியான மார்பகத்திலும் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளை அந்தப் படம் காட்டும். சில புற்றுநோய்களுக்கு அவையே முதல் அடையாளம். மலேசியாவில் 2012 முதல் 2016 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்தார்கள். கோலசிலாங்கூர் தோட்டங்களிலிருந்து மேமோகிராமுக்காகக் கிள்ளானுக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டும் 40 வயதைத் தாண்டிய பெண்கள், அதன் இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் மேமோகிராம் உண்டா என்று விசாரியுங்கள்.

போன மாதம் எடுத்த படம் சுத்தமாக இருந்தாலும், மார்பில் புதிதாகக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். கூட யார் வருகிறார்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.