கண் அசைந்தால் குறி தவறுமா?

பேராக்கில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களில் காட்டுப்பன்றிக்குத் தீனிப் பஞ்சமே இல்லை. உதிர்ந்து கிடக்கும் பழம் தின்னும். இளங்கன்றின் குருத்து என்றால் இன்னும் இஷ்டம். போலீசிடம் ஆயுத உரிமமும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் வேட்டை உரிமமும் வாங்கிய இளைஞர் ஒருவர் தம் ஷாட்கன்மேல் ‘ரெட் டாட்’ பொருத்தினால், வீடியோ கேம் மோகம் என்று பெரியவர்கள் சிரிக்கக்கூடும். மோகம் கொஞ்சம் இருக்கட்டும். அதற்குள் நல்ல வடிவியலும் இருக்கிறது.

சாதாரண ஷாட்கன்னில் குழலின் நுனியில் ஒரு சிறு மணி மட்டுமே உண்டு. ரைபிளைப் போலப் பின்பக்கம் குறிப்பள்ளம் கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. கன்னம் ஒவ்வொரு தடவையும் துப்பாக்கிக் கட்டையில் அதே இடத்தில் பதிந்தால்தான் கண்ணும் அதே இடத்தில் இருக்கும். கட்டையோ சராசரி ஆள் ஒருவரின் கைநீளத்துக்குச் செய்தது. மெலிந்த, கை குட்டையான தம்பி அதைத் தோளில் வைத்தால் கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். கன்னம் ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே.

கண்ணுக்கும் மணிக்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர். கண் 5 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டால், மணியை இலக்கோடு சேர்க்கக் குழலின் நுனியும் அந்த அளவுக்குத் தூக்கும். 30 மீட்டர் போவதற்குள் பிழை 15 சென்டிமீட்டராகிவிடும்.

ரெட் டாட்டில் நடப்பது வேறு. சின்ன எல்இடி ஒன்று, அதற்கு முன்னால் சற்றே வளைந்த கண்ணாடி. கண்ணாடிமேல் பூசிய மெல்லிய படலம் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும். மற்ற ஒளியை உள்ளே விடும். எல்இடி சரியாகக் குவியப் புள்ளியில் இருப்பதால் திரும்பி வரும் கதிர்கள் இணையாக வருகின்றன. அதனால் புள்ளி கண்ணாடியில் ஒட்டியதாகத் தெரியாது. தூரத்து இலக்கின் மேலேயே கிடப்பதுபோல் தெரியும். இங்கே கண் 5 மில்லிமீட்டர் விலகினால் பார்வைக் கோடு சாய்வதில்லை, பக்கத்தில் நகர்கிறது, அவ்வளவுதான். 30 மீட்டரிலும் பிழை அதே 5 மில்லிமீட்டர். மலிவான சரக்கில் கதிர்கள் இத்தனை ஒழுங்காக வராது, ஓரத்தில் பார்த்தால் புள்ளி விலகும். ஆனாலும் மணியைவிட மேல்.

யோசனை பழையது. டப்ளினில் தொலைநோக்கி செய்துவந்த ஹோவர்ட் கிரப் 1900இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். பிறகு போர் விமானங்களுக்குப் போனது. எல்இடி வைத்து வேட்டைத் துப்பாக்கிக்கு இறக்கியது ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட், 1970களின் நடுவில்.

இன்னொரு லாபம், ஒரு கண்ணை மூட வேண்டியதில்லை. வலத்தோளில் சுடும் ஒருவருக்கு இடக்கண் ஓங்கியிருந்தால், மணியை இடக்கண் பிடித்துக்கொண்டு குண்டை இடப்பக்கம் இழுக்கும். புள்ளியோ கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்ணுக்கு மட்டுமே தெரியும். பேராக் மலைகளின் செமாய், தெமியார் மக்கள் சும்பித் ஊதுகுழலை வாயில் வைத்து, மூக்குக்கு நேராக நீட்டி ஊதுகிறார்கள். அந்த நிலையில் இரு கண்ணும் திறந்திருப்பதுதான் இயல்பு.

பொருத்தும்போதுதான் சிக்கல். உயரமான தாங்கியில் வைத்தால் புள்ளியைத் தேடித் தலை மேலே போகும், கன்னம் கட்டையை விட்டுவிடும், தாடை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். உதை அங்கே விழும். கொஞ்சநஞ்ச உதையல்ல: 32 கிராம் ஈயம் விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் முன்னே போனால், 3 கிலோ துப்பாக்கி விநாடிக்கு 4 மீட்டருக்கு மேலான வேகத்தில் பின்னே வரும். எனவே தாங்கி தாழ்வாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் கன்னம் வைக்கும் இடத்தில் உயரம் கூட்ட வேண்டும். கட்டை நீளத்தையும் முதலில் பார்க்க வேண்டும். என் கணக்கில் பாதிப் பேருக்கு ரெட் டாட்டைவிடச் சரியான கட்டைதான் முதல் தேவை. இதெல்லாம் உரிமம் பெற்ற ஆயுதக் கடையின் வேலை, வீட்டுப் பட்டறை வேலையல்ல. அதே உதைதான் திருகுகளையும் தளர்த்துகிறது. திருகுத்தலையிலிருந்து தாங்கிவரை ஒரு பெயின்ட் கோடு இழுத்து வைத்தால் தளர்ந்தது உடனே தெரியும்.

சரிபார்ப்பது சுடுதளத்தில், 25 மீட்டரில், வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால். திருகின் ஒரு சொடுக்கு 1 எம்ஓஏ (கோண நிமிடம்) என்றால் அங்கே குறி சுமார் 7 மில்லிமீட்டர் நகரும். ரவைத் தோட்டாவாக இருந்தால் ஒரு துளையைப் பார்த்துத் திருகக்கூடாது. பெரிய காகிதத்தில் கூட்டமாக விழுந்த துளைகளின் நடுவைப் பார்க்க வேண்டும். புள்ளி எத்தனை கூர்மையானாலும் ரவை பரவித்தான் போகும். குழல் முனை குறுகலாக இல்லாவிட்டால், சுமார் 36 மீட்டரில் 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் 40 சதவீத ரவைகளே விழும். மீதி எங்கே போகிறது என்பதற்குப் புள்ளி பொறுப்பேற்காது. செம்பனை வரிசைக்குப் பின்னால் அசைவது பன்றியா, பழம் பொறுக்கும் ஆளா என்றும் அது சொல்லாது.

சிலருக்கு அந்தப் புள்ளி வட்டமாகவே தெரியாது. வால் முளைத்தும் நட்சத்திரம்போலச் சிதறியும் தெரியும். கருவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் கைப்பேசியால் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். படத்தில் வட்டமாக இருந்தால் கருவி நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் இருக்கலாம். போக வேண்டியது கண் மருத்துவரிடம்.