அம்மா ஏன் எழுந்து வரவில்லை? பிள்ளையிடம் என்ன சொல்வது

வீட்டில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வந்தால் பெரியவர்கள் அதை நோய் என்று ஒப்புக்கொள்ளவே மாதக்கணக்காகும். பிள்ளைக்கு அது முன்பே தெரிந்துவிடும். காலையில் தலை பின்னிவிட அம்மா எழுந்து வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. அடுக்களையில் பாட்டி நிற்கிறாள். அப்பா மாடிப்படியில் நின்று தாழ்ந்த குரலில் போன் பேசுகிறார். இத்தனையையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. என்னவென்று கேட்டால், “ஒண்ணுமில்ல, அம்மாவுக்குத் தலைவலி, நீ போய் விளையாடு” என்பார்கள். மருத்துவமனையில் சேர்த்திருந்தால், “அம்மா ஊருக்குப் போயிருக்கா” என்பார்கள்.

பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்ற பாசத்தில் சொல்லும் பொய் இது. ஆனால் இந்தப் பொய்தான் அதன் பயத்தைப் பெருக்குகிறது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தை, நடப்பதையெல்லாம் தன்னை நடுவில் வைத்தே புரிந்துகொள்ளும் என்று ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். அந்த வயதில் ‘அம்மா அழுகிறாள்’ என்பதும் ‘நேற்று நான் பாலைக் கொட்டினேன்’ என்பதும் பிள்ளையின் மனத்தில் காரணமும் விளைவுமாகச் சேர்ந்துகொள்ளும். யாரும் உண்மையைச் சொல்லாதவரை அதைத் திருத்த வழியில்லை. ஊருக்குப் போன அம்மா தன்னிடம் சொல்லாமல் போனது ஏன் என்று யோசிக்கும். தன்மேல் கோபம் என்றே முடிவு கட்டும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலர் அடம்பிடிப்பார்கள். சிலரோ சத்தமே இல்லாமல் ஆகிவிடுவார்கள். தானே குளித்து, தானே சாப்பிட்டு, தம்பியையும் பார்த்துக்கொள்வார்கள். “எவ்வளவு சமத்து பாரு” என்று உறவுக்காரர்கள் மெச்சுவார்கள். அந்தச் சமத்தைக் கண்டுதான் நாம் கவலைப்பட வேண்டும்.

எந்த வார்த்தைகளில் சொல்வது?

அம்மாவே சொல்ல முடிந்தால் நல்லது. முடியாத நாளில் அப்பாவோ சித்தியோ பாட்டியோ, பிள்ளை நம்பும் ஒருவர் சொல்லலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இவ்வளவு போதும்:

“பாப்பா, அம்மாவுக்கு மனசுல ஒரு நோய் வந்திருக்கு. அதுக்குப் பேரு மனச்சோர்வு. அதனாலதான் அம்மாவுக்கு எப்பவும் அசதியா இருக்கு, அழுகை வருது, உன்கூட விளையாட முடியல. நீ எந்தத் தப்பும் பண்ணல. உன்மேல கோபமும் இல்ல. டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க. சரியாக நாளாகும். அதுவரைக்கும் ஸ்கூல்லேர்ந்து உன்னைச் சித்தி கூட்டிட்டு வருவா.”

கடைசி வாக்கியத்தைத்தான் பெரியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். நோயின் பெயரைவிட, நாளைக்குத் தன்னை யார் சாப்பிட வைப்பார்கள், இரவில் யார் பக்கத்தில் படுப்பார்கள் என்பதே அந்த வயதின் பெரிய கேள்வி.

“தாத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிற மாதிரி அம்மாவுக்கு இது” என்று சொல்வது பல வீடுகளில் கைகொடுக்கும். தினமும் மாத்திரை, அவ்வப்போது டாக்டர் என்பது பிள்ளைக்கு உடனே புரியும். ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது. சர்க்கரை நோய் வந்த தாத்தா பேரனிடம் பேசாமல் இருப்பதில்லை. இந்த நோய் அம்மாவின் முகத்தையும் பேச்சையும் மாற்றுகிறது, அதனால்தான் அவள் வேறு ஆள்போலத் தெரிகிறாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

‘அடுத்த வாரம் எல்லாம் சரியாகிவிடும்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டத் தொடங்கவே 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். முழுப் பலன் தெரிய இன்னும் கூடுதல் காலம் தேவைப்படும்.

நோய் அப்பாவுக்கு என்றால், அது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் கத்தலாகவும் வெளிப்படக்கூடும். “அப்பா கத்துறது நோயால, உன்னால இல்ல” என்று சொல்லுங்கள். கூடவே, “அடிச்சா உடனே என்கிட்ட சொல்லணும்” என்றும் சொல்லுங்கள். நோய் என்பதற்காகப் பிள்ளை அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

வயது ஏற ஏறக் கேள்வி மாறும்

எட்டு, ஒன்பது வயதில் “எனக்கும் ஒட்டிக்குமா?” என்று கேட்பார்கள். ஒட்டாது. பதின்மூன்று, பதினான்கில் கேள்வி கடினமாகும்: “பெரியவளானா எனக்கும் வருமா?” இதற்கு மழுப்பல் உதவாது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல்தான். வந்தே தீரும் என்பதில்லை. வந்தாலும் சீக்கிரம் கண்டுகொண்டால் சிகிச்சை உண்டு. மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வயதுப் பிள்ளையிடம் இதை மறைப்பது, தன்னையே கவனித்துக்கொள்ளும் வழியை அடைப்பதாகும்.

காதில் விழக்கூடாத பேச்சு

பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு மனச்சோர்வு வருவதுண்டு. அப்போது சில வீடுகளில் “இது பொறந்த நேரம், இவளுக்கு இப்படி ஆயிடுச்சு” என்று சொல்லிவிடுகிறார்கள். ஜாதகத்தைக் காட்டிப் பழியைப் பச்சைக் குழந்தையின் தலையில் கட்டும் கொடுமை இது. வளர்ந்த பிறகும் யாராவது ஒரு அத்தை அதை நினைவுபடுத்துவாள். இந்தப் பேச்சை வீட்டில் யார் எடுத்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். கோயிலுக்குப் போவதும் வேண்டிக்கொள்வதும் குடும்பத்தின் நம்பிக்கை. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பள்ளியில் வேறு விதமான பேச்சு நடக்கும். 1794-இல் தொடங்கி இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நோயாளிகளைப் பார்த்துவரும் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நம் சினிமா கேலிப்பொருளாக்கி வைத்திருக்கிறது. வகுப்பில் யாராவது கிண்டல் செய்தால் என்ன சொல்வது என்று பிள்ளையிடம் முன்பே பேசிவையுங்கள். “எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர் பாக்குறாங்க” என்பது போதும். வகுப்பு ஆசிரியர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

யாரிடம் கேட்பது?

நார்வேயில் 2010 முதல், மனநோயாளிக்குச் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு வேண்டிய விளக்கமும் ஆதரவும் கிடைக்கப் பார்த்துக்கொள்வது சிகிச்சை தருபவர்களின் சட்டக் கடமை. நம் நாட்டிலும் அது வர வேண்டும். வரும்வரை நாமே கேட்போம். அடுத்த முறை மனநல மருத்துவரைப் பார்க்கும்போது, “வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?” என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

பிள்ளைக்கே உதவி தேவைப்படலாம். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, தூக்கமின்மை, நண்பர்களிடமிருந்து விலகுவது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ந்த பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். “செத்துடணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மனத்தில் இருப்பது வெளியே வரும். அப்படி வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே உதவி தேடுங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். நோயாளிக்காக மட்டுமல்ல, பிள்ளையிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கும் அப்பாவும் பாட்டியும்கூட அந்த எண்ணை அழைக்கலாம்.