நடுக்கடலில் இன்ஜின் நின்றால் என்ன செய்வது? வாடகைப் படகில் கிளம்பும் முன் 10 நிமிடம் ஒதுக்குங்கள்!

ரோட்டில் பைக் நின்றுவிட்டால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கைத் தேடலாம். கடலில் அது முடியாது. காற்று தள்ளும் பக்கம் படகு போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் பாறை இருந்தால் குடும்பத்தோடு போன சுற்றுலா சில நிமிடங்களில் ஆபத்தாகிவிடும்.

ஐரோப்பாவின் குரோஷியா நாட்டில் 1,200-க்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் உண்டு. ஸ்பிலிட், ஸாதர் போன்ற ஊர்களில் மோட்டார் யாட் எனப்படும் சொகுசுப் படகை வாடகைக்கு எடுக்கலாம். பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை வரை ஒரு வாரக் கணக்கு. படகு ஓட்டும் உரிமமும் ரேடியோ சான்றிதழும் இருந்தால் நீங்களே ஓட்டலாம். ஆனால், கூடவே மெக்கானிக் வரமாட்டார். அங்கே திடீரென வீசும் 'புரா' என்ற வடகிழக்குக் காற்றும் உங்களுக்காகக் காத்திருக்காது.

செல்போனில் வீடியோ எடுங்கள்

படகை ஒப்படைக்கும்போது நிறுவன ஊழியர் எல்லாவற்றையும் காட்டுவார். பேட்டரி சுவிட்ச், டீசல் அடைப்பான், கடல்நீர் வால்வு, நங்கூரம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை அப்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது.

தினமும் காலையில்...

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

* ஆயில்: டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாதீர்கள்.
* கூலன்ட்: அளவு சரியா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.
* பெல்ட்: தொய்வோ வெடிப்போ இருக்கிறதா?
* டீசல் ஃபில்டர்: அடியில் உள்ள கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா?
* படகின் அடித்தளம்: புதிதாகத் தண்ணீரோ எண்ணெயோ தெரிகிறதா?
* கடல்நீர் வடிகட்டி: கடற்புல், பிளாஸ்டிக் பை அடைத்திருக்கிறதா? சுத்தம் செய்யும் முன் வால்வை மூடுங்கள். இல்லாவிட்டால் கடல் உள்ளே வரும். முடித்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

இந்த வால்வுதான் பலரும் கோட்டைவிடும் இடம். பெரும்பாலான படகு இன்ஜின்கள் கடல்நீரை உறிஞ்சித்தான் சூடு தணிக்கின்றன. அதை உறிஞ்சுவது ரப்பரால் ஆன சின்னச் சக்கரம். அதன் பெயர் இம்பெல்லர். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சீக்கிரமே கிழிந்துவிடும். அதனால், ஸ்டார்ட் செய்ததும் முதல் வேலையாக வெளியே எட்டிப் பாருங்கள். புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டினால் நல்லது. கொட்டவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பேட்டரி சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் பிரச்னை இவ்வளவுதான். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் அடைப்பான், ஃபில்டர் பக்கம் போங்கள். சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். புகைக்குழாயில் சேரும் கடல்நீர் இன்ஜினுக்குள்ளேயே திரும்பிவிடலாம்.

அலாரம் அடித்தால்...

முதலில் வேகத்தைக் குறையுங்கள். பாறை பக்கத்தில் இருந்தால் மெதுவாக விலகிச் செல்லுங்கள். இன்ஜினைவிட உயிர் முக்கியம். பாதுகாப்பான இடம் என்றால் இன்ஜினை நிறுத்துங்கள். ஆழம் குறைவென்றால் நங்கூரம் போடுங்கள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணியட்டும். அதன் பிறகு வடிகட்டியைப் பாருங்கள். இரண்டு இன்ஜின் உள்ள படகு என்றால் மற்றொன்றை வைத்து மெதுவாகக் கரை சேரலாம்.

அதற்கு மேல் கழற்றிப் பார்க்க வேண்டாம். வாடகை நிறுவனத்துக்கு போன் செய்யுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ரேடியோவில் 16-வது சேனலில் 'மேடே' என்று மூன்று முறை சொல்லி, இருக்கும் இடத்தைத் தெரிவியுங்கள். குரோஷியாவில் கடல் மீட்புக்கான போன் எண் 195.

கரையில் செலவிடும் அந்த 10 நிமிடம், கடலில் இந்த எண்ணை அழைக்கும் அவசியத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும்.