கடைசியிலா, நடுவிலா? பைத்தான் லிஸ்ட்டில் எதை எங்கே சேர்ப்பது?

மளிகைப் பட்டியலை எழுதி முடித்த பிறகுதான் ‘அடடா, புளியை விட்டுட்டோமே’ என்று ஞாபகம் வரும். கடைசியில் எழுதலாம், அல்லது இரண்டு வரிகளுக்கு நடுவே இடுக்கி எழுதலாம். கம்ப்யூட்டர் மொழியான பைத்தானிலும் இதே கதைதான். என்ன, அங்கே இடுக்க முடியாது. இருப்பவை நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும்!

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் உருவாக்கி, 1991-ல் வெளியிட்ட மொழி இது. தமிழ்நாட்டின் பிளஸ் 2 கணினி அறிவியல் பாடத்திலும் உண்டு. தகவல்களை வரிசையாக வைத்துக்கொள்ள இதில் உதவுவது ‘லிஸ்ட்’. அதில் புதிதாகச் சேர்க்க முக்கியமான வழிகள் மூன்று.

அப்பெண்ட்: ஒரு பொருளைக் கடைசியில் சேர்க்கும். எதுவும் நகர வேண்டியதில்லை. வேலை சட்டென்று முடியும்.

இன்சர்ட்: சொல்லும் இடத்தில் சேர்க்கும். பைத்தான் 0-விலிருந்து எண்ணும் என்பதால் அரிசி 0, பருப்பு 1, உப்பு 2. இடம் 1 என்று கொடுத்தால், அரிசிக்கும் பருப்புக்கும் நடுவே புளி அமரும்.

எக்ஸ்டெண்ட்: இன்னொரு லிஸ்ட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கடைசியில் சேர்க்கும். அதே லிஸ்ட்டை அப்பெண்ட் செய்தால், பைக்குள் பையை வைத்ததுபோல முழுசாக ஒரே பொருளாகப் போய் உட்காரும்.

பைத்தான் எச்சரிக்காது!

சில தவறுகளுக்கு ‘எரர்’ வராது. அதுதான் சிக்கல். எக்ஸ்டெண்ட்டில் ‘புளி’ என்ற சொல்லை அப்படியே கொடுத்தால் ப, உகரக் குறி, ள, இகரக் குறி என நான்கு துண்டுகளாகச் சேரும். 5 பொருள்கள் உள்ள லிஸ்ட்டில் 50-வது இடத்தைக் கேட்டாலும், சத்தமில்லாமல் கடைசியில் சேர்த்துவிடும்.

இன்னும் ஆபத்தானது ஒன்று உண்டு. அப்பெண்ட், இருக்கும் லிஸ்ட்டையே மாற்றிவிட்டு, ‘நன்’ என்ற வெறுமையைத்தான் திருப்பித் தரும். அந்த விடையை அதே லிஸ்ட்டின் பெயரில் சேமித்தால், பாடுபட்டுச் சேர்த்த பட்டியல் கைவிட்டுப் போய்விடும்.

வேகமும் முக்கியம். ஒரு லட்சம் பொருள்களை ஒவ்வொன்றாக முதல் இடத்திலேயே இன்சர்ட் செய்தால், ஒவ்வொரு முறையும் இருப்பவை எல்லாம் ஓரிடம் தள்ளிப்போக வேண்டும். மொத்தம் சுமார் 500 கோடி நகர்வுகள்! முன்பக்கம் அடிக்கடி சேர்க்க வேண்டுமென்றால், பைத்தானிலேயே இருக்கும் ‘டெக்’ வசதியைப் பயன்படுத்தலாம். அதில் இரு முனைகளிலும் வேகமாகச் சேர்க்க முடியும்.

ஒன்றா, பலவா? கடைசியிலா, நடுவிலா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தபின் சேருங்கள். சேர்த்த கையோடு லிஸ்ட்டை ஒருமுறை பிரின்ட் செய்து பார்த்துவிட்டால், அப்பெண்ட்டும் எக்ஸ்டெண்ட்டும் இடம் மாறியிருந்தாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.