டம்போவுக்கே முதல் இடம்!

லீவு விட்டால் எங்கள் வீட்டில் வால்ட் டிஸ்னி கார்ட்டூன் படங்கள்தான். எனக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறேன்.

மூன்றாவது இடம், 1967-ல் வந்த 'ஜங்கிள் புக்'. பலூ கரடியின் ஆட்டத்தைப் பார்த்து என் மாமியாரே சிரித்துவிட்டார்!

இரண்டாவது, 'லயன் கிங்' (1994). அப்பா செத்தது உன்னால்தான் என்று சித்தப்பா சொன்னதை நம்பி, குட்டிச் சிங்கம் சிம்பா ஊரைவிட்டே ஓடிவிடும். பெரியவர்களின் ஒரு சொல் பிஞ்சு மனசை என்ன பாடு படுத்துகிறது!

முதலிடம் 1941-ல் வந்த 'டம்போ'வுக்கு. 64 நிமிஷப் படம்தான். பெரிய காதுகளுக்காகக் கேலிக்கு ஆளாகும் குட்டி யானை. கேலி செய்த பையனை அடித்ததற்காகத் தாய் யானையைப் பூட்டி வைத்துவிடுவார்கள். கம்பி வழியே தும்பிக்கையை நீட்டிக் குட்டியைத் தாலாட்டுமே, அந்த இடம்!

அப்போது நான் ஆபரேஷனாகி, பத்து நாள் கழித்து வீடு திரும்பியிருந்தேன். நாலு வயசு மகள் என் பக்கமே வரவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். இந்தக் காட்சி வந்ததும் ஓடி வந்து மடியில் விழுந்து, "உன்னையும் இப்படித்தான் பூட்டி வெச்சாங்களாம்மா?" என்று தேம்பினாள்.

தூங்கும் குழந்தையிடம் சொல்லாமல் கிளம்பியது என் தப்பு. அதற்கப்புறம் கடைக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். நீங்களும் குழந்தைகளோடு உட்கார்ந்து படம் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாததெல்லாம் அப்போது வெளியே வரும்.